பயிற்சிக்கும் பணிக்கும் இடையே



பள்ளிக் கதவைத் திறக்கவே நம் முன்னோர் ஆயுளைச் செலவிட்டனர். பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்பிற்கு 1944 முதல் உதவித்தொகையும் உண்டு. ஆயினும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர் பயின்று தேறிய நம் பிள்ளை எங்கே தேங்குகிறான்? ஆலை வாயிலில்!

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இந்த இடைவெளிக்கென்றே வந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் பயிற்சி இடங்களில் நமக்கு ஒதுக்கீடு தந்தது. நன்று. ஆனால், பழகி முடித்தவனுக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்றும் அச்சட்டமே கூறியது. 2014-இல் அவ்விதி மாறி, பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையைத் தானே வகுக்கலாயிற்று. தனியார் ஆலைப் பணிகளிலோ சட்டப்படியான இடஒதுக்கீடு இல்லை. எனவே தகுதியோடு தெரிந்தவர் துணையும் தேவைப்படுகிறது. மாமன் மேஸ்திரியாயிருப்பவன் முந்துகிறான்; நம் தெருவிலிருந்து முதன்முதலாகச் செல்பவனுக்கு அங்கே எவர் உளர்? (பெண்பிள்ளைகளுக்கோ, தங்குமிடக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.)

ஆலைகளில் பணிபுரியும் நம் மூத்தோர் தம் பெயரையும் பணியிடத்தையும் சங்க அலுவலகத்தில் பதிந்திட வேண்டுகிறோம். ஆளெடுக்கும் செய்தி வந்த அன்றே ஓர் அஞ்சலட்டையோ தொலைபேசி அழைப்போ போதும். பிள்ளைகளை வாயில் வரை அழைத்துவரும் பொறுப்பு எங்களுடையது.