அயல்நாட்டு மணமும் ஆவணமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து பணிபுரியும் காலம் இது. அவருட் சிலர் அவ்விடத்திலேயே மணம் முடிக்க விழைகின்றனர். நாமும் பொருத்தம் பார்க்கின்றோம், முகூர்த்தம் குறிக்கின்றோம், ஆவணத்தை மட்டும் மறந்துவிடுகின்றோம். அதுபற்றியே இன்று சில கூறத் துணிந்தோம்.

அயல்நாட்டில் மணம் புரியும் இந்தியர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, அந்நாட்டுச் சட்டப்படி மணந்து சான்று பெறுதல். மற்றொன்று, 1969-ஆம் ஆண்டின் நம் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி, அங்குள்ள இந்தியத் திருமண அதிகாரி முன் மணத்தல். இதற்கு மணமக்களுள் ஒருவரேனும் இந்தியக் குடியாதல் வேண்டும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். இருவருள் ஒருவரேனும் அவ்விடத்தில் 30 நாட்கள் தங்கிய பின்னரே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கலாம். அது வெளியிடப்பட்டபின் ஆட்சேபம் கூற 30 நாட்கள் உண்டு. அதன்பின் மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் நிகழும். அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதங்களுக்குள் மணம் நிகழாவிடின் அவ்வறிவிப்புச் செல்லாது. ஆதலின், அறிவிப்புக்கு முன்னே முகூர்த்தம் குறித்தல் பிழையாம்.

இனி, எம் குறை ஒன்றை மறையாது கூறுவோம். எம்மிடம் பயின்ற பெண்ணொருத்திக்கு அயல்நாட்டில் மணம் நிச்சயமாயிற்று. அவள் பள்ளிச் சான்றிதழில் தந்தையார் பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது; கடவுச்சீட்டிலோ அப்பெயர் முழுதும் இருந்தது. இரு பெயரும் ஒருத்தியுடையனவே என்று மெய்ப்பிக்கும்வரை அலுவலகத்தார் தாள்களை ஏற்றிலர். குறித்த நாள் தவறிற்று. பயணச் சீட்டுப் பணமும் வீணாயிற்று. பள்ளிப் பட்டியலில் அவள் பெயரை எழுதிய கை எம் கையே! முதலெழுத்திடும் நம் வழக்கம் அயலார்க்கு விளங்காதென்பதை யாம் அன்று உணர்ந்திலோம். அவள் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலள். அதுவே எம்மை இன்றும் வருத்துகின்றது.

ஆதலின் பெற்றோர்களே! பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஓரெழுத்தும் வேறுபடாதிருக்கக் காண்பீர்களாக. அந்நாட்டார் மணமாகாமைச் சான்று கேட்பரோ என்பதை முன்னரே உசாவி அறிவீர்களாக.

தாலி, உற்றார் அறியக் கட்டுவது. உற்றார் எவருமிலா ஊரில் கணவன் இறப்பினும் கைவிடினும், “யான் இவர் மனைவி” என்று அவள் பொருட்டுப் பேசுவது அச்சான்றுத் தாளே. மணம் முடிந்ததும் அதன் படி ஒன்றைப் பெண்ணின் கையிலேயே கொடுத்து வைப்பீர்களாக.