துருவுக்கு அடியில் ஒரு கடைசல் இயந்திரம்

‘இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது’ என்பார்கள். ஜெஞ்சாரோம், பந்திங், கேரித் தீவு பக்கம் தோட்டப் பட்டறைகளில் வேலை பார்த்த பெரியவர்களைச் சற்று நேரம் பேச விட்டுப் பாருங்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு லேத் மெஷினில் வந்து நிற்கும்.

மலாய்க்காரர்கள் இதை ‘மெசின் லாரிக்’ என்கிறார்கள். நல்ல தமிழில் கடைசல் இயந்திரம். ரப்பர் ஆலையில் உருளையின் அச்சு தேய்ந்தாலும், பம்பின் தண்டு முறிந்தாலும், சீமையிலிருந்து உதிரி பாகம் கப்பலேறி வரும்வரை ஆலை காத்திருக்குமா? பட்டறையிலேயே கடைந்து மாட்டினார்கள். செந்தூல் ரயில்வே பட்டறையிலும் அப்படித்தான். 1945ல் விமானக் குண்டுவீச்சில் அந்தப் பட்டறை பெரும் சேதமடைந்தது. பிறகும் பல்லாண்டு காலம் அங்கே இன்ஜின்களைப் பழுது பார்த்தவர்களில் தமிழர்கள் ஏராளம்.

இந்த இயந்திரத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு கடைசல் இயந்திரம் இருந்தால் இன்னொன்றுக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பகுதியை அதிலேயே செய்துகொள்ளலாம். 1800ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே திருகுமரைகளைத் துல்லியமாக வெட்டும் இயந்திரத்தை அமைத்த பிறகுதான் ஒரே அளவான போல்ட்டும் நட்டும் பரவலாகக் கிடைக்க வழி பிறந்தது. நம்மவர்களில் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்ப மாட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். 1937ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து செய்தது.

சரி, தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது அந்த இயந்திரங்கள் எங்கே போயின? பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான். கிலோ கணக்கில் எடை போட்டார்கள். 2018 ஜனவரியில் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும் உலகத்தின் குப்பையெல்லாம் ஜெஞ்சாரோமைச் சுற்றி வந்து குவிந்தது. ஊர் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் கொடுத்த பிறகே அனுமதியில்லாத ஆலைகள் பலவற்றை அரசு மூடியது. வெளியூர்க் குப்பை உள்ளே வருகிறது, உள்ளூரில் உழைத்த நல்ல இரும்பு உருக்காலைக்குப் போகிறது. என்ன கணக்கோ!

அப்படி ஒன்று இரும்புக் கடையில் கண்ணில் பட்டால், துருவைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். வார்ப்பிரும்பில் துரு பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். பார்க்க வேண்டியது பெட் என்கிற அடித்தளத்தின் தேய்மானத்தை. வேலையெல்லாம் சக்குக்குப் பக்கத்தில்தான் நடந்திருக்கும், அதனால் தேய்வும் அங்கேதான். கருவி தாங்கும் கேரேஜைச் சக்குக்கு அருகில் வைத்து ஆட்டம் இல்லாமல் இறுக்குங்கள். பிறகு மறுகோடிக்குத் தள்ளுங்கள். அங்கே போய்ச் சிக்கிக்கொண்டால் நடுவில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் தேய்ந்திருந்தால் தோஷமில்லை, வீட்டு வேலைக்குப் போதும். வார்ப்பில் விரிசல் இருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாற்றுப் பற்சக்கரங்கள் கூடவே இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவை எங்கோ மூலையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் கிடக்கும். கேட்காமல் வந்தால் பிறகு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம் கிரைண்டரை எடுப்பது. இதைவிடப் பெரிய கொலை கிடையாது. நாற்பது ஐம்பது வருடம் உழைத்தும் தேயாமல் நின்ற தளத்தை அரை மணி நேரத்தில் கெடுத்துவிடலாம். எமரித் தாளும் வேண்டாம். அதன் பொடி எண்ணெயில் கலந்து உள்ளேயே தங்கி, ஓட ஓட அரைத்துக்கொண்டே இருக்கும். பெட்டுக்கு மண்ணெண்ணெய், மெல்லிய எண்ணெய்க்கல், பொறுமை, இந்த மூன்றும் போதும். கைப்பிடி, மூடி போன்ற சிறு பாகங்களுக்கு மின்முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், கார் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் எதிர்மறை முனையில், பழைய இரும்புத் தகடு நேர்மறை முனையில். தகட்டுக்குப் பதில் எவர்சில்வரைப் போடவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கிவிடும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள்.

கழற்றும்போது படிக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். திருகுகளைத் தனித்தனி டின்களில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்தத் திருகு எங்கே என்று ஞாபகம் இருக்கும் என நினைப்பவர்கள் இதுவரை எதையும் கழற்றிப் பார்க்காதவர்கள்.

மின்சாரம் தனிக் கதை. பட்டறை மோட்டார்கள் பெரும்பாலும் மூன்று ஃபேஸில் ஓடுபவை. வீடுகளிலோ பெரும்பாலும் ஒரு ஃபேஸ்தான். இன்வெர்ட்டர் என்று கடையில் சொல்கிற கருவி ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கி, அதே வோல்ட்டில் மூன்று ஃபேஸாகத் தரும். மோட்டாரின் தகட்டில் 230/400 என்று இருந்தால் இணைப்பை டெல்டாவுக்கு மாற்றி ஓட்டலாம். இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய சுவிட்சை விட்டுவைத்தால், ஓடும்போது அதைத் திருப்பிய மறுநொடி இன்வெர்ட்டர் புகையாகப் போகலாம். இந்த வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஊரைச் சுற்றிச் செம்பனை என்பதற்காகச் சமையல் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். ஹைட்ராலிக் எண்ணெய் பல பழைய இயந்திரங்களுக்குப் பொருந்தும். கடற்கரை ஈரக்காற்று அடிக்கும் ஊரில் வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து எண்ணெய் பூசாமல் தூங்கப் போனால் ஒரு வாரத்தில் துரு மீண்டும் எட்டிப் பார்க்கும்.

பூட்டிய பின் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. தடித்த எஃகுத் தண்டு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனையைத் தாங்காமல், 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களை மெல்லக் கடையுங்கள். இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கலாம். கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து முறுக்கை எடுங்கள். மட்டம் பிசகினால் பாதகமில்லை. ஆடும் கப்பலிலும் கடைசல் இயந்திரம் ஓடத்தானே செய்கிறது? முறுக்குதான் ஆகாது. இதெல்லாம் சரியான பிறகு ஆசை தீரப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

விசையைப் போடுமுன் கைகளைப் பாருங்கள். கோயிலில் கட்டிய கயிறு, மோதிரம், நீண்ட கைச்சட்டை, தொங்கும் சங்கிலி எல்லாம் விலக வேண்டும். கையுறையும் கூடாது. சுழலும் சக்கு துணியின் ஒரு நூலைப் பிடித்தால் கையையே இழுத்துக்கொள்ளும். சக்குச் சாவியைக் கழற்றாமல் விசையைப் போட்டால் அது குண்டு மாதிரிப் பறக்கும். சாவியை விட்டுக் கை எடுக்கக் கூடாது என்று பழைய பட்டறைகளில் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

முதல் முறை ஓட்டுகிற அன்று அக்கம்பக்கத்தில் பட்டறை வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள். எந்தப் பேரிங் முனகுகிறது, எந்தக் கியர் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார்கள். அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. ஒரு நாற்காலி போட்டு, தே தாரிக் ஒன்று வாங்கிக் கொடுத்து, சக்குக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.