அம்மம்மாவின் பெயரைத் தேடி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



குடும்ப வரலாற்றைத் தேடுவது பற்றிச் சிறிது பேசும்படி சங்கம் பணித்தது. கனடாவிலும் இலண்டனிலும் வளரும் பேரப்பிள்ளைகள் "நாங்கள் ஆர்?" என்று கேட்கிறார்கள். அப்பப்பாவின் பெயரையும் அவருடைய தகப்பனின் பெயரையும் உடனே சொல்லிவிடுகிறோம். அம்மம்மாவின் தாயின் பெயரை எங்களில் எத்தனை பேர் சொல்வோம்?

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பன், தாய் இருவரின் பெயரும் உண்டு. பேரனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், ஆண்டு, இடம் எழுத ஒரு கூடு. பூட்டனாருக்கும் ஒரு கூடு. தகப்பன் வழியே பிரசாவுரிமையைக் கணித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் அது. பேத்தியாருக்குக் கூடு இல்லை. ஆகவே அம்மாவின் சான்றிதழை எடுத்து அம்மம்மாவின் பெயரையும், அம்மம்மாவின் சான்றிதழை எடுத்து அவருடைய தாயின் பெயரையும் படிப்படியாகத்தான் காணவேண்டும். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஏறக்குறைய எந்த ஆண்டு என்றாவது அறிந்து செல்லுங்கள்.

அதற்கு மேலே போவதற்கு எங்களுக்கு உதவுவது சீதன உறுதி. சீதனத்தை மேடைமேடையாகக் கண்டித்தவர்கள் நாங்கள், இனியும் கண்டிப்போம். ஆனால் 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக வைத்தது. காணி தாயிடமிருந்து மகளுக்குப் போனபோது பெண்களின் பெயர்கள் நொத்தாரிசின் எழுத்தில் ஏறின. உறுதியில் உரிமை வந்த வழியை ஊன்றி வாசியுங்கள்: எந்த ஆண்டு, எத்தனையாம் இலக்க உறுதிப்படி, யாரிடமிருந்து என்று இருக்கும். அந்த இலக்கத்தைப் பிடித்தால் முந்திய தலைமுறை வரும்.

பலர் பார்க்காமல் விடுவது எல்லைகளை. கிழக்கும் வடக்கும் யாருடைய காணி என்ற வரிகளில் வரும் பெண்கள் பெரும்பாலும் அயலவர் மட்டுமல்லர். ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எல்லைக்காரி கூடப்பிறந்த சகோதரிதானே! குடும்பத்தில் எவரும் சொல்லாத ஒரு பெரியம்மா அங்கே அகப்படலாம்.

1995 இடப்பெயர்வில் உறுதிப்பெட்டியைத் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். காணியின் பெயரும் குறிச்சியும் தெரிந்தால் தேடலாம்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் உண்டு. வாசிக்க டச்சு மொழி தெரிந்தவரின் துணை வேண்டும். அதற்குமுன் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். முப்பத்தோராம் நாளில் வெளியிட்ட கல்வெட்டுகளில் வம்சாவளி அச்சாகியிருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலும் இத்தகைய நினைவுமலர்கள் பல உள்ளன.

பாடசாலையின் சேர்விடாப்பில் நாங்கள் தகப்பனின் பெயரோடு இருக்கிறோம்; பழைய மாணவிகள் பட்டியலில் கணவனின் பெயரோடு. இரண்டையும் பொருத்திப் பார்க்க எங்களைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கவேண்டும். ஆகையால் இம்முறை அங்கத்துவப் படிவத்தை நிரப்பும்போது, படித்த ஆண்டுகளோடு கன்னிப் பெயரையும் தாயின் பெயரையும் அம்மம்மாவின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கத்தில் எழுதலாம்.