துவைக்கக் கூடாத துணி

உளுந்தூர்பேட்டையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுபவர்கள் ஒருமுறை காந்தி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். அது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தது. 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தியடிகள் உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி, ரத்தக்கறையோடு அங்கே இருக்கிறது.

அதைத் துவைத்தால் துணி வெளுத்துவிடும்; சாட்சி போய்விடும். எதைச் செய்யாமல் விடுவது என்பதுதான் பழந்துணியைப் பேணுவோருக்கு மிகக் கடினமான முடிவு. துணிக்குப் பெரிய பகை வெளிச்சம். சாயத்தை மங்கவைக்கும், நூலை இற்றுப்போக வைக்கும். அந்தச் சேதத்தைத் திருப்பவே முடியாது. அதனால்தான் அருங்காட்சியகங்களில் பழந்துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்கே மங்கலாக விளக்கு வைக்கிறார்கள். கனமான பழைய அங்கியை மாட்டித் தொங்கவிட்டால் அதன் எடையே தோள்பட்டையைக் கிழித்துவிடும். உடையின் அளவுக்கேற்பத் திண்டு வைத்த உருவத்தில் அணிவித்து, எடை எங்கும் பரவும்படி நிறுத்துவார்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் கூறைப்புடவை இருக்கிறதா? சுத்தமான வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அங்கேயே இற்றுவிடும். பாச்சை உருண்டை புடவையில் படவே வேண்டாம்.