பெண்களின் உடல் பருமனும் வீட்டார் கடமையும்

(விருதுநகரில் பேசியது)



இன்று நான் உங்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

15 வயது முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மேல் எடையுள்ளவர்கள் என்று 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கு சொல்லுகிறது. 2015-16 கணக்கில் இது 31. இதனால் நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், முழங்கால் வலியும் வருகின்றன. நம்மவர்களோ, “அவள் வாயைக் கட்டவில்லை” என்கிறார்கள். அல்லது “பிள்ளை பெற்ற உடம்பு, தலைவிதி” என்கிறார்கள். இவ்விரண்டும் ஆண்களுக்குச் சௌகரியமான பேச்சு. ஏனெனில் இரண்டிலும் புருஷனுக்கு யாதொரு வேலையும் இல்லை!

சிவகாசிப் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்ணைப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் கூலியானால் எழுந்தால் காசு போகும். ஆகவே பகலெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள். வீடு வந்தால் அடுப்பு. 2024-ல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி, வீட்டு வேலை செய்பவர்களில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம் அதிலேயே போகிறது. ஆணுக்கு 88 நிமிஷம்தான். வைத்தியர்கள் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷ நடை. அதை அவள் எங்கிருந்து எடுப்பாள்?

சாப்பாடாவது அவள் இஷ்டமா? மாமனாருக்கு வெள்ளைச் சோறு, பிள்ளைக்கு வறுவல், புருஷன் வாங்கிவரும் எண்ணெய்ப் பரோட்டா. எல்லோரும் தின்றபின் மிச்சத்தை, “எறிந்தால் பாவம்” என்று அவள் தின்ன வேண்டும். பெண்ணின் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? போதாக்குறைக்குப் புருஷன் ஆயுளுக்கு விரதம்! பகல் பட்டினியை இராப் பலகாரம் சரிக்கட்டி விடுகிறது. அவன் ஆயுளுக்காக அவள் பட்டினி கிடக்கலாம். அவள் ஆயுளுக்காக அவன் ஒரு கத்தரிக்காய் நறுக்கக்கூடாதோ?

குடும்பத் துணையால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தனியே வந்து சாதாரணப் பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 24 பேரே குறைத்த எடையை ஆறு மாதம் முழுமையாகக் காத்தார்கள். உறவினரோ சிநேகிதரோ மூவருடன் வந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவும் பயிற்சி பெற்றவர்களில் 66 பேர் காத்தார்கள். 2018-ல் வெளியான இன்னொன்றில், தம்பதிகளில் ஒருவருக்கு மாத்திரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியே பெறாத மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்தில் 100-க்கு 3 பங்காவது எடை குறைந்தது. ஆகவே இது மனைவிக்குச் செய்யும் தர்மமல்ல, புருஷனுக்கும் லாபமே.

ஆனால் “குண்டு” என்று கேலி செய்வதும், அவள் தட்டுக்குக் காவல் நிற்பதும் துணையாகா. நம் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை. ஆகையால் பட்டினி போடவும் நான் சொல்லவில்லை. வீட்டுக்கெல்லாம் ஒரே சாப்பாடாக்குங்கள்: சோற்றைக் குறைத்து, பயறும் கீரையும் கூட்டுங்கள். எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாத்திரத்தை ஆண்கள் கழுவுங்கள். மிச்சமாகும் அரைமணியில் அவள் நடக்கட்டும். “ஊரார் என்ன சொல்லுவார்களோ” என்று அவள் தயங்கினால் கூடவே நடவுங்கள்.

நோய் முற்றியபின் ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறீர்களே, அதற்கு முன்னால் தெருக்கோடி வரை துணை போகக் கூடாதா? யோசித்துப் பாருங்கள்!