வாடகை மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்கு

மட்டக்களப்பு என்று சொன்னவுடனே பாடும் மீனையும், ஒல்லாந்தர் கோட்டையையும், கல்லடிப் பாலத்தையும், பாசிக்குடாக் கடலையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகையால் அவற்றை உங்கள் ஞாபகத்துக்கே விட்டுவிட்டு, விடுமுறைக்குச் சென்ற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அவ்வூர் வாவியின் கிழக்குக் கரையோடு தெற்கே போய், படகேறி மேற்குக் கரை சேர்ந்து திரும்பும் பிரயாணத்தைப் பற்றி மாத்திரம் இன்று பேச விரும்புகிறேன்.

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அந்த வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்களும் குளங்களுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. பேருந்து பெருந்தெருவோடு போய்விடும். அத்தெருவிலிருந்து வாவியை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நினைத்த மாத்திரத்தில் திரும்புவதற்கும், வேலியோரத்தில் நின்று ஒருவரிடம் வழி கேட்பதற்கும் இரண்டு சக்கர வாகனத்தைப் போன்ற சௌகரியம் வேறில்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு: நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரம் மட்டும் போதாது, இலங்கையிலும் அதற்கு அங்கீகாரம் பெற்றாக வேண்டும். பின்னால் அமர்ந்து வருபவரும் தலைக்கவசம் அணிவது அங்கே சட்டம். தங்குமிடத்துக்காரர்களே பெரும்பாலும் வண்டிக்கு ஏற்பாடு செய்து தருவார்கள். வருமான அனுமதிப் பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் பிடித்துக்கொண்டு, கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடாதீர்கள். அங்கே ஓடுகிறவை பெரும்பாலும் நம் நாட்டு பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ வண்டிகளே. 2020ஆம் ஆண்டில் நின்றுபோன வாகன இறக்குமதி சில ஆண்டுகள் வரையில் திறக்கப்படாமையால், பழைய வண்டிகளை அவர்கள் துடைத்துப் போற்றி வைத்திருக்கும் அருமையைக் கண்டு நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். சாலையில் இடப்பக்கம் செல்லும் வழக்கமும் நம்முடையதே.

கல்லடியைத் தாண்டினால் தெருவின் நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் காத்தான்குடி. அப்பால் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம் என்று ஊருக்குப் பின் ஊர். செட்டிபாளையத்தில் நான் வண்டியை நிறுத்திய காரணம் தாகமே. இளநீர் சீவிக் கொடுத்த முதியவர், “எங்கயிருந்து வாறீங்க மனே?” என்று கேட்டார். “தஞ்சாவூர்ப் பக்கம், ஐயா” என்றேன். “அப்ப கண்ணகையம்மன் ஊர்க்காரர்!” என்று சொல்லி, அவர்கள் வாங்கு என்னும் பெஞ்சு ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டார். பூம்புகார் எங்கள் ஜில்லாவில் இருந்த காலத்தில் பிறந்தவனாகிய என்னை அப்படி ஒருவர் அழைத்தது அதுவே முதல் தடவை.

நேயர்களே, பிரயாணம் சற்று அங்கேயே நிற்கட்டும். நம் நாட்டில் கண்ணகியை நாம் காவிய நாயகியாகப் படிக்கிறோம். சிலையாகக் கடற்கரையில் நிறுத்தியிருக்கிறோம். அந்த வாவிக்கரை ஊர்களிலோ அவள் தெய்வம். வைகாசி மாதத்தில் அவள் கோயில்களில் சடங்கு நிகழ்கிறது. அவற்றுட் பல, ஆண்டுக்கு அந்த ஒரு முறைதான் கதவு திறப்பவை. கண்ணகி வழக்குரை என்னும் நூலைப் பல நாள் முறையாகப் பாடுகிறார்கள். கோவலனுக்கும் அவளுக்கும் நிகழ்ந்த விவாகத்தை நினைந்து கலியாணக் கால் நடுகிறார்கள். முடிவிலே, மதுரையை எரித்த அவள் கோபம் தணியும்பொருட்டுக் குளிர்த்தி பாடுகிறார்கள். கொம்புமுறி என்றொரு விளையாட்டையும் அம்முதியவர் வர்ணித்தார்: ஊரார் வடசேரி, தென்சேரி என்று கோவலன் கட்சியும் கண்ணகி கட்சியுமாகப் பிரிந்து, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்களாம். தம்முடைய இரண்டு சுட்டு விரல்களையும் கொக்கிபோல மாட்டி இழுத்து, கொம்பு எந்த இடத்தில் முறியும் என்பதை அவர் எனக்குக் காட்டினார்.

அப்பகுதியிலேயே கண்ணகியம்மன் கோயிலுக்குப் பெயர் பெற்ற காரைதீவில் 1892இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்து பழந்தமிழர் யாழை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல், 1947 ஜூனில் நம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சோழநாட்டுப் பெண்ணொருத்தியின் கதை கடல் கடந்து போய்த் தெய்வமாகி, அத்தெய்வத்தின் சந்நிதியில் வளர்ந்த பிள்ளை அவள் காவியத்தின் இசையைத் திருப்பிக் கொண்டுவந்து சோழநாட்டிலேயே சேர்த்தார் என்பதை அந்த வாங்கில் அமர்ந்திருந்தபோதுதான் நான் பூரணமாக உணர்ந்தேன். இளநீருக்கு அம்முதியவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வெயில் சாய்ந்த பிறகே குருமண்வெளித் துறையை அடைந்தேன். மண்டூருக்குப் போகும் படகுப்பாதையில் வண்டியோடு ஏறலாம். “நடு ஸ்டாண்டில ஏத்துங்க, சைட் ஸ்டாண்ட் வேணாம்” என்று படகுக்காரர் சொன்னதன் நியாயம், அலையில் தட்டு லேசாகச் சாய்ந்தபோது விளங்கியது. அக்கரையில் சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படும் மண்டூர் முருகன் கோயில். அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்வது சம்பிரதாயம்.

திரும்பும்போது படகை நாடாமல், வயல்களுக்கு நடுவே வடக்கே கொக்கட்டிச்சோலைக்கு வாருங்கள். தான்தோன்றீச்சரக் கோயிலின் கல் நந்தி புல்லுண்ட கதையை அவ்வூரார் சொல்லக் கேட்டு, சட்டித் தயிரும் உண்டு, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே பெருந்தெருவைச் சேரலாம். போகும்போது, படகேறுமுன்பே, களுவாஞ்சிக்குடி பெற்றோல் செட்டில் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். படுவான்கரைச் சாலைகளில் இருட்டிய பின் மாடுகள் படுத்திருக்கும், சில பக்கங்களில் காட்டு யானையும் இறங்கும். ஆகவே பொழுதிருக்கும்போதே பாலத்தைக் கடந்துவிடுங்கள். வைகாசிச் சடங்குக் காலத்தில் போகிறவர்கள் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.