ஓராண்டுச் சட்டமன்ற உறுப்பினர்

இன்று சட்டப் பட்டம் பெறும் செல்வங்களே!

எட்வர்ட் ஆஸ்டின் ஜான்சன் என்ற வழக்கறிஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1860இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே நகருக்கு அருகே அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் படித்துத் தலைமையாசிரியரானார். தம் வகுப்பில் இருந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு, அவர்கள் முன்னோரைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லாத பாடநூல்கள் அவரை உறுத்தின. தாமே ஒரு வரலாற்றுப் பாடநூல் எழுதினார். அந்தப் பணிக்கிடையே ஷா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1891இல் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே சட்டத்துறைத் தலைவரானார்.

1900இல் வட கரோலினா தன் அரசியலமைப்பைத் திருத்தியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே வாக்கு என்றார்கள். ஆனால் 1867 தொடக்கத்திலேயே வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அந்தத் தேர்வு கிடையாது. அந்த நாளில் வாக்குரிமை யாருக்கு இருந்தது? வெள்ளையருக்கு. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாமலே ஓர் இனத்தின் வாக்கைப் பறித்த அந்த வாசகத்தைத் தயவுசெய்து ஒருமுறை தேடிப் படியுங்கள். அதை எழுதியவர்களும் சட்டம் தெரிந்தவர்கள்தாம்.

1907இல் ஜான்சன் வட கரோலினாவை விட்டு நியூயார்க் சென்று, அங்குள்ள ஹார்லெம் பகுதியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்ந்தார். 1917 தேர்தலில் வென்று, நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். அப்போது அவருக்கு வயது 57. பதவிக்காலம் ஒரே ஆண்டு.

பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்று நியூயார்க்கில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. எந்தெந்த இடங்கள் என்று அதில் ஒரு பட்டியலும் இருந்தது. கறுப்பினத்தவருக்கு விற்க மறுத்த ஒரு மதுக்கூடத்தின் மீது வழக்கு வந்தபோது, நீதிமன்றம் பட்டியலைப் பார்த்தது, மதுக்கூடம் அதில் இல்லை, வழக்கு தோற்றது. 1918இல் அந்தப் பட்டியல் நீண்டது. மதுக்கூடமும் மருத்துவமனையும் பெயர் சொல்லி அதில் இடம்பெற்றன. அதற்காக அவையில் முன்னின்றவர்களில் ஜான்சனும் ஒருவர். நோயோடு வாசலில் நிற்கும் ஒருவருக்கு, பட்டியலில் அந்த ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் ஒன்றா? வரைவுகளைச் சலிப்போடு புரட்டும் நாள்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தேர்தலில் தோற்றார். 1925இல் பார்வையும் போனது. 1928இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார்; வெற்றி கிட்டவில்லை. 1931இல் இன்னொரு நூல் வெளியிட்டார்.